நாற்காலியை உள்ளே தள்ளும் சத்தம்

மேசைக்கு இந்தப் பக்கம் மூவர்.
இருவர் கேட்பார்கள், நான் கேட்பதில்லை.
கம்பிவடத்துக்கு கிரீஸ் பூசுகிறவனுக்கு
ஆள் எடுக்கிற இடத்தில் என்ன வேலை என்றதற்கு
"பக்கத்தில் உட்காரப்போவது நீங்கள்தானே, ருஃபினோ,
பார்த்துக்கொண்டிருங்கள்" என்றார் இஞ்சினியர் பெனாவிதெஸ்.

பார்த்தேன்.
காலையிலிருந்து ஒன்பது பேர்.
வரும்போது எல்லோரும் ஒரே ஆள்தான்:
இஸ்திரி போட்ட காலர், லா பாஸின் படிகள் ஏறிய மூச்சு,
தண்ணீர் வேண்டாம் என்கிற வறண்ட வாய்.
போகும்போதுதான் ஆளாளுக்கு வேறு.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?"
ஒருவன் ஒன்றுமில்லை என்று பாதி எழுந்தேவிட்டான்.
ஒருவன் சம்பளம் கேட்டான். தப்பில்லை, நானும் கேட்பேன்,
ஆனால் சுவரைப் பார்த்துக் கேட்டான்.
பல்கலைக்கழகத்துப் பையன்
ஐந்தாண்டில் இந்த நிறுவனம் எங்கே இருக்கும் என்றான்.
இங்கேயேதான் இருக்கும் தம்பி,
மலையை எங்கே நகர்த்துவது.
இன்னொருவன் வாசலில் நின்று
மூன்றாவது நன்றி சொன்னபோது
இஞ்சினியர் அடுத்த தாளைப் புரட்டியிருந்தார்.

பத்தாவதாக செனோபியா தார்கி.
பதினோரு வருடம் மினிபஸ் கதவில் தொங்கியபடி
நிறுத்தங்களின் பேரைக் கூவியவள்.
நாங்கள் மேலே கம்பி கட்டினோம்,
கீழே அவள் வண்டியில் ஆள் குறைந்தது.
விண்ணப்பத்தில் இது இல்லை, நானாகக் கணக்குப் போட்டேன்.
காற்றில் பெட்டிகள் நடுவானில் நின்றுவிட்டால்
உள்ளே இருப்பவர்களோடு ஒலிபெருக்கியில் பேசுகிற வேலை.
எந்த வேகக் காற்றில் நிறுத்துவோம் என்றதற்கு
சட்டென்று ஓர் எண் சொன்னாள்.
எல்லோரும் ஏதோ ஓர் எண் சொன்னார்கள்.

பிறகு அந்தக் கடைசிக் கேள்வி.
மடியிலிருந்த தொப்பி அசையவில்லை.
"கேட்பதற்கு முன்னால் ஒன்று.
காற்றுக்குச் சொன்ன எண் எனக்குத் தெரியாத எண்.
கதவில் நின்று பழகிய வாய்,
காலி இடம் கண்டால் கூவிவிடும்.
அதை அடித்துவிட்டு, தெரியாது என்று எழுதுங்கள்."

அடித்த சத்தம் கேட்டது.

"இப்போது கேட்கிறேன்.
போன செவ்வாய், ஆலங்கட்டி மழையில்
நின்ற பெட்டி ஒன்றில் நானும் இருந்தேன்.
அமைதியாக இருங்கள் என்றது ஒரு குரல்.
எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.
அந்தக் குரலுக்கே தெரியாதா,
தெரிந்தும் சொல்லக் கூடாது என்று விதியா?"

அந்தக் குரல் என்னுடையது.
ஆள் இல்லாமல், கிரீஸ் கையோடு மைக்கைப் பிடித்தவன் நான்.
"தெரியாது" என்றேன்.
அன்று முழுக்க அந்த மேசையில் நான் பேசியது அவ்வளவுதான்.

"அதையே சொல்லியிருக்கலாமே" என்றாள்.
சண்டையில்லை, சில்லறை திருப்பித் தருகிற தொனி.
"தெரியாது, பத்து நிமிடத்தில் மறுபடி பேசுகிறேன் என்று.
எதிரே ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள்.
பத்து நிமிடம் என்றால் தைரியமாகப் பால் கொடுத்திருப்பாள்."

பிறகு, "என்னை எடுப்பதில் எது உறுத்துகிறது?
இப்போதே சொன்னால் பதில் சொல்வேன்.
நான் படியிறங்கியபின் பேசினால் எனக்குக் கேட்காது."
கணினி, என்றார் பெனாவிதெஸ்.
வயது, என்றார் மனிதவளத்து ஹெர்னான், மெதுவாக.
"கணினிக்கு ஒரு மாதம் கொடுங்கள்.
வயதுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை."

எந்த நாள் சொல்வீர்கள் என்றாள். வெள்ளி.
"வெள்ளி" என்று திருப்பிச் சொன்னாள்,
நிறுத்தத்தின் பேரைச் சொல்வதுபோல.
மூவர் பேரையும் சொல்லி விடைபெற்றாள்.
என் பேரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை,
சட்டையில் தைத்திருந்தது.
நாற்காலியை உள்ளே தள்ளினாள்,
போய்த் திறந்தது கோப்பு அலமாரியை.
"இது அடுத்த நிறுத்தம்" என்று சாத்திவிட்டு
கதவைத் திறந்தாள்.

ஹெர்னான் அந்தப் பையனைத்தான் எடுக்கலாம் என்கிறார்.
வெள்ளிக்கிழமை என்னையும் கேட்பார்களா, தெரியவில்லை.

நாலு மணிக்கு எல் ஆல்தோ பக்கமிருந்து காற்று எழுந்தது.
பெட்டிகள் நின்றன. கையைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தேன்.
"எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது" என்றேன்.
"பத்து நிமிடத்தில் மறுபடி பேசுகிறேன்."
கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்தேன்.